வட்டுக்கு இட்ட பொட்டு

2025ஆம் ஆண்டு, அக்டோபர்த் திங்கள் ஆறாம் நாள், திங்கட்கிழமை. மலைமேல் தூறல், அடிவாரத்தில் வெயில், இரண்டுக்கும் இடையே அகப்பட்ட ஊருக்குள் புழுக்கம்.

மனித இனம் இயந்திரத்தைப் படைத்த நாள்முதல் அதன் பழுதோடு போராடி வருகிறது. எண்ணெய் இட்டுப் பார்த்தது. திருகாணியை முடுக்கிப் பார்த்தது. பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியும் பார்த்தது. பேரறிஞர்கள் தோற்ற அப்போரில் இறுதி வெற்றி பெற்ற பெருமை, திருத்தணி ரயில் நிலையத்துக்கு அருகே பாத்திரக் கடை ஒன்றின் மாடியில் இயங்கும் தணிகை வட்டாரக் கூட்டுறவு ஆவண நடுவத்தையே சாரும். அந்நடுவத்தில் இரண்டு ஆண்டுகளாகப் பழுது என்பதே இல்லை. பழுதான பொருள்கள் இருந்தன. அது வேறு செய்தி.

இவ்வெற்றியின் நாயகர் நடுவத்தின் மேற்பார்வையாளர் திரு. தணிகைவேல் ஆவார். சுற்றுவட்டாரச் சங்கங்கள், பள்ளிகள், பயிற்சி நிலையங்கள் ஆகியவற்றின் சான்றிதழ்களும் பதிவுகளும் அவருடைய பொறுப்பில், ஆள் உயர இரும்பு அலமாரி ஒன்றுக்குள் மின்வடிவில் துயின்றன. அலமாரியே ஒரு கணினி இயந்திரம். அதில் ‘ஹார்டு டிஸ்க்’ எனப்படும் பன்னிரண்டு வட்டுகள் வரிசையாகச் செருகப்பட்டிருந்தன. ஒவ்வொரு வட்டின் நெற்றியிலும் ஒரு சிறு விளக்கு. வட்டு நலமாயிருந்தால் பச்சை. நலம் கெட்டால் ஆரஞ்சு. இயந்திரத்தை வடிவமைத்தவர்கள் அரசு சார்ந்த அலுவலகம் எதிலும் பணியாற்றியதில்லை என்பதற்கு இவ்வாரஞ்சு விளக்கே போதிய சான்று.

மாநிலத்தில் உள்ள இத்தகைய நடுவங்களுள் ஒன்றுக்கு ஆண்டுதோறும் ‘பழுதில்லா நடுவம்’ என்னும் கேடயம் வழங்கப்படும். தணிகைவேல் அதனை இருமுறை வென்றிருந்தார். மும்முறை வெல்பவர் ‘மண்டல ஆலோசகர்’ ஆவார். மண்டல ஆலோசகருக்குத் தனி அறை உண்டு. தனி அறைக்குத் திரைச்சீலை உண்டு. திரைச்சீலைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கேட்கும் துணிவு எவருக்கும் இல்லை. மூன்றாம் கேடயத்துக்கான மதிப்பீட்டாளர் திரு. நாகேந்திரன் அன்று பிற்பகல் மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. திரைச்சீலைக்கு நீலமா, மாம்பழ நிறமா என்பதைத் தணிகைவேல் காலையிலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தார்.

இதற்குச் சில நாள் முன்பு, ஆயுத பூசை நெருங்கிய வேளையில், வட்டு ஒன்று ஆரஞ்சு விளக்கை ஏற்றியது.

வேறு அலுவலகமாயின் பதறியிருக்கும். தணிகைவேல் பதறவில்லை. அலுவலக உதவியாளர் தேசப்பனை அழைத்து, இவ்வாண்டுப் பூசை சிறப்பாக அமைய வேண்டும் என்று மட்டும் கூறினார். தேசப்பன் குறிப்பறிந்தவர். பூசையன்று கணிப்பொறி, அச்சுப்பொறி, மின்விசிறி, தண்ணீர்க் குடம் என அனைத்துக்கும் பொட்டு வைத்த பின்னர், அலமாரியின் முன் அமர்ந்து, பன்னிரண்டு வட்டுகளின் பன்னிரண்டு விளக்குகள்மேலும் கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை அப்பி, அதன் நடுவில் குங்குமம் வைத்தார். அந்நொடியே பழுது மறைந்தது.

“எல்லாத்துக்கும் ஒரே மாரி வச்சிட்டேன் சார்,” என்றார் தேசப்பன். “ஒண்ணுக்கு மட்டும் வச்சா மத்ததுங்க மனசு கஷ்டப்படும் இல்ல?”

சமத்துவத்தை இவ்வளவு சுருக்கமாக விளக்கியவர் வேறெவரும் இல்லை.

ஆயினும் அவ்வியந்திரத்துக்கு ஒரு தீய பழக்கம் இருந்தது. தனக்கு உடல்நலம் இல்லையெனில், தன்னைச் செய்த கம்பெனிக்குத் தானே செய்தி அனுப்பிவிடும். மேற்பார்வையாளர் வழியாக, உரிய முறையில், மூன்று படிகளில் அனுப்ப வேண்டிய செய்தியை அது நேரடியாகச் சென்னைக்கு அனுப்பிவிட்டது. இதனை அறிந்த தணிகைவேல், ஒழுங்கு நடவடிக்கை ஏன் எடுக்கக்கூடாது என்று விளக்கம் கேட்டு, இயந்திரத்துக்கே ஒரு குறிப்பாணை பிறப்பித்தார். தேசப்பன் அதனை அலமாரியின் பக்கவாட்டில் பசை தடவி ஒட்டினார். குறித்த காலத்துக்குள் இயந்திரம் பதில் அளிக்கவில்லை. அதனால் அதன்மீது இருந்த ஐயம் மேலும் வலுத்தது.

அன்று காலை நடுவத்துக்கு முதலில் வந்தவர் பொதட்டூர்பேட்டையைச் சேர்ந்த சௌமியா என்னும் இளம்பெண். துணி வடிவமைப்புப் பட்டயம் முடித்தவர். மறுநாள் காலை சென்னையில் அவருக்கு ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வு. மூலச் சான்றிதழ் மழையில் ஊறிப் போய்விட்டதால் நடுவத்திலிருந்து நகல் பெற வந்திருந்தார். நகல் எடுப்பது எளிய செயல். திரையில் பெயரைத் தட்டினால் போதும். ஆனால் மதிப்பீட்டு நாளில் இயந்திரத்துக்கு வேலை கொடுத்தால் அது களைத்துப் போகும் என்று தேசப்பன் கருதினார். எனவே சௌமியா வாசலருகே போட்டிருந்த நாற்காலியில் அமர்த்தப்பட்டார். நண்பகல் வரை அவர் மின்விசிறியின் குங்குமப் பொட்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்தவர் ஜெபக்குமார். கம்பெனியின் பொறியாளர். மின்சார ரயிலில் வந்து இறங்கியவர், நுரைத்தாள் சுற்றிய புதிய வட்டு ஒன்றைக் கைக்குழந்தைபோல மார்போடு அணைத்திருந்தார். தணிகைவேல் அவரை வரவேற்று, மோர் கொடுத்து, அவர் வரவேண்டிய தேவையே எழவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்தார்.

“சார், பன்னெண்டுல ஒண்ணு செத்துப்போச்சி,” என்றார் ஜெபக்குமார். “மிஷினே எங்களுக்குச் சொல்லிச்சி.”

“எங்களுக்குச் சொல்லலையே.”

“உங்களுக்குந்தான் ஆரஞ்சு லைட்டு போட்டுக் காட்டிகினு இருக்குது.”

“எங்க? காட்டுங்க, பாக்கலாம்.”

ஜெபக்குமார் அலமாரியைத் திறந்தார். பன்னிரண்டு மங்கலமான நெற்றிகள் அவரை நோக்கின. அவர் தம் பத்தாண்டுப் பணிவாழ்வில் இயந்திரங்களின்மேல் எலி, பல்லி, தேநீர் முதலியவற்றைக் கண்டிருக்கிறார். இவ்வளவு களையான ஒரு முகத்தைக் கண்டதில்லை.

பிறகு அவர் நிலைமையை விளக்கினார். செத்தது எட்டாவது வட்டு என்று செய்தி கூறுகிறது. ஆயினும் விளக்கைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் எந்த வட்டிலும் கை வைக்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலின் முதல் விதி. காரணம், ஒரு வட்டு செத்தால் மற்றப் பதினொன்றும் அதன் பங்கைச் சேர்த்துத் தாங்கும். இன்னொன்று போனால் தாங்காது.

“சப்பரம் தூக்கற மாரிங்க சார். ஒருத்தன் தடுக்கினா மத்தவங்க தோள் குடுப்பாங்க. ரெண்டாவது ஆளும் வுட்டா, சாமி தரையில. அந்தப் பொட்டத் தொடச்சிட்டா ரெண்டு நிமிசத்துல மாத்திட்டுப் போயிடுவேன்.”

தேசப்பன் குறுக்கே வந்து நின்றார். பூசைப் பொட்டுத் தானாக உதிர வேண்டும். துடைத்தால் அவ்வாண்டு முழுதும் இயந்திரம் கையைக் கடிக்கும் என்றார். அவர் உண்மையிலேயே அஞ்சினார். தணிகைவேலின் அச்சம் வேறு. பொட்டைத் துடைத்தால் விளக்கு தெரியும். விளக்கு தெரிந்தால் பழுது தெரியும். பழுது தெரிந்தால் திரைச்சீலை தெரியாது. மணி அப்போது இரண்டைத் தாண்டியிருந்தது.

இத்தகைய நெருக்கடிகளுக்கென்றே நாகரிக உலகம் ‘அவசரக் கூட்டம்’ என்பதைக் கண்டுபிடித்திருக்கிறது. தணிகைவேல் கூட்டத்தைக் கூட்டினார். விதிப்படி மூவர் வேண்டும். இருந்தவர்கள் அவரும் தேசப்பனுமே. கம்பெனிக்காரர் வெளியார் என்பதால் சேர்க்க இயலாது. சற்றுச் சிந்தித்த தணிகைவேல், வாசலில் அமர்ந்திருந்த சௌமியாவைப் ‘பொதுமக்கள் பிரதிநிதி’யாக நியமித்து உள்ளே அழைத்தார்.

சௌமியா தம் நகலைக் கேட்டார். கூட்டம் முடிந்ததும் முதல் வேலை அதுதான் என்று தணிகைவேல் உறுதியளித்தார். அந்த நல்லெண்ணத்தைக் காட்டும் பொருட்டு, தேசப்பன் சௌமியாவின் பெயரைத் தட்டிச் சான்றிதழைத் திரையில் வரவழைத்தும் வைத்தார். தம் பெயரும் முதல் வகுப்பும் ஒளிரக் கண்ட சௌமியா மகிழ்ந்து பிரதிநிதியானார்.

கூட்டத்தின் முதல் தீர்மானம் அறிவுலகம் போற்றத்தக்கது. வட்டு பழுதானால்தான் ‘மாற்றுதல்’ ஆகும். மாற்றினால் பழுதை ஒப்புக்கொண்டதாகும். ஆனால் வட்டு ஒன்று நீண்ட காலம் உழைத்து ஓய்வு பெறுமாயின், அது பழுதன்று, பெருமை. காலியான இடத்தில் புதிய வட்டு வருமாயின், அது மாற்றுதல் அன்று, நியமனம். எனவே வட்டு ஒன்றுக்குப் பணி ஓய்வு அளிப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. தேசப்பன் வழிமொழிந்தார்.

“அப்ப எட்டாவது வட்டுக்குத்தானே சார்?” என்று கேட்டார் சௌமியா.

தணிகைவேல் புன்னகை செய்தார். “எப்படிம்மா? ஓய்வுன்னா சீனியாரிட்டி இருக்கு. யாரோ ஒரு கம்பெனி ஆளு சொன்னாருன்னு எட்டாவது ஆள அனுப்பிட்டா, முன்னாடி இருக்கிற ஏழு பேரும் கோர்ட்டுக்குப் போவாங்க.”

“வட்டுங்களா சார்?”

“இன்னிக்கு வட்டும்மா. நாளைக்கு இதையே முன்னுதாரணமாக் காட்டி ஆளுங்க போவாங்க.”

பன்னிரண்டு வட்டுகளும் ஒரே நாளில் பணியில் சேர்ந்தவை. அத்தகையோருள் மூத்தவர் யார் என்ற வினா எழுந்தது. இருக்கை வரிசையில் முதலில் அமர்ந்திருப்பவரே மூத்தவர் என்று தேசப்பன் தம் முப்பதாண்டு அனுபவத்திலிருந்து எடுத்துரைத்தார். அதன்படி முதலாம் வட்டு, எக்குறையும் இன்றிப் பச்சை விளக்கோடு பொட்டுக்குள் உழைத்துக்கொண்டிருந்த அப்பாவி, ஓய்வுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஜெபக்குமாருக்கு இது தெரிவிக்கப்படவில்லை. பிரிவு உபசார விழாவில் வெளியார் கலந்துகொள்ளும் வழக்கம் இல்லையாதலால், அவரைக் கீழே சென்று ஒரு தேநீர் அருந்தி வருமாறு கேட்டுக்கொண்டனர். பொட்டைத் துடைப்பதற்கு ஆயத்தம் செய்கிறார்கள் என்று நம்பி அவரும் சென்றார். அவர் சென்னையில் வசிப்பவர், நடுவத்தின் வழக்கம் அறியாதவர்.

விழா சுருக்கமாக நடந்தது. மதிப்பீட்டாளருக்காக வாங்கி வைத்திருந்த மாலையிலிருந்து இரண்டு சாமந்திப் பூக்கள் கிள்ளப்பட்டு முதலாம் வட்டின்மேல் வைக்கப்பட்டன. தணிகைவேல் அதன் பணியைப் பாராட்டி இரண்டு வாக்கியம் பேசினார். சௌமியா எங்கே கை தட்டுவது என்று தெரியாமல் ஒருமுறை தட்டினார். தேசப்பன் வட்டைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டு அதனை வெளியே உருவினார்.

சாமி தரைக்கு வந்தது.

ஓசை எதுவும் எழவில்லை. திரையில் இருந்த சௌமியாவின் பெயர் ஒருமுறை நடுங்கி மறைந்தது. அதனிடத்தில் ‘ஆவணங்கள் எவையும் இல்லை’ என்னும் வாசகம் தோன்றியது. தேசப்பன் வேறொரு பெயரைத் தட்டினார், இல்லை. தம் பெயரைத் தட்டினார், அதுவும் இல்லை. முப்பதாண்டு அனுபவமும் அவருடைய முகத்திலிருந்து அப்படியே இறங்கிப் போயிற்று.

படியேறி வந்த ஜெபக்குமார், தேசப்பனின் கையிலிருந்த வட்டையும் அதன்மேல் இருந்த பூவையும் பார்த்தார்.

“இன்னா பண்ணீங்க?”

“ஓய்வு குடுத்தோம்,” என்றார் தேசப்பன், மிகத் தாழ்ந்த குரலில்.

ஜெபக்குமார் திட்டவில்லை. திட்டுவதற்கு நேரமில்லை என்பதை மட்டும் கூறினார். உருவிய அதே வட்டை அதே இடத்தில் உடனே செருகி, தாம் கணினியில் சில கட்டளைகள் கொடுத்தால் இன்னமும் மீட்டுவிடலாம். ஆனால் எது உயிரோடு இருக்கிறது, எது இல்லை என்று பார்த்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். அதற்கு எல்லா விளக்கும் தெரிய வேண்டும் என்றார்.

அதே சமயம் கீழே கார்க் கதவு சாத்தும் ஓசை கேட்டது. சன்னல் வழியே எட்டிப் பார்த்த தேசப்பன், “அவுருதான் சார். வந்துட்டாரு,” என்றார்.

தணிகைவேல் அலமாரியைப் பார்த்தார். மீதிப் பதினொரு பொட்டுகளும் அதே அழகோடு இருந்தன. இப்படியே விட்டால் ஓர் ஆரஞ்சு விளக்கும் தெரியப்போவதில்லை. நாகேந்திரன் விளக்குகளை மட்டுமே பார்ப்பார். எந்த மதிப்பீட்டாளரும் உள்ளே ஆவணம் இருக்கிறதா என்று கேட்டதாக வரலாறு இல்லை. அவருடைய மனக்கண்ணில் மாம்பழ நிறத் திரைச்சீலை, காற்றில் ஒருமுறை, மிக மெதுவாக அசைந்தது. படிகளில் காலடி ஓசை ஏறி வந்துகொண்டிருந்தது.

சௌமியா அழவில்லை, சண்டையும் போடவில்லை. கூட்டத் தீர்மானத்தில் கையொப்பம் இடுவதற்காகக் கொடுத்த பேனா அவர் கையிலேயே இருந்தது. திரையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்.

“சார், என் சர்டிபிகேட்டுதான் போயிடிச்சே. இதுல நானு கையெழுத்து போடணுமா, வேணாமா?”

தணிகைவேல் தம் பணிக்காலத்தில் எத்தனையோ நினைவூட்டுக் கடிதங்களையும் மூன்று விசாரணைகளையும் கலங்காமல் எதிர்கொண்டவர். இவ்வினாவுக்கு அவரிடம் விதி எதுவும் இல்லை. அவர் மேசைமேல் மடித்து வைத்திருந்த, மதிப்பீட்டாளருக்குப் போர்த்தவேண்டிய சரிகைப் பொன்னாடையை எடுத்தார். தண்ணீர்க் குடத்தில் ஒரு முனையை நனைத்தார். தேசப்பன் கையை நீட்டித் தடுக்க முயன்றபோது, “எந்த மிஷினு கடிச்சாலும் என் கையையே கடிக்கட்டும்யா, நகரு,” என்று கூறிப் பொட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைக்கலானார்.

எட்டாவது நெற்றியில் ஆரஞ்சு விளக்கு, பல நாள் மூச்சடக்கி இருந்ததுபோல, பளிச்சென்று எரிந்தது. ஜெபக்குமார் முதலாம் வட்டின் பூவை எடுத்து, பொட்டையும் துடைத்துவிட்டு, அதனைச் செருகினார். நாகேந்திரன் அறைக்குள் நுழைந்தார்.

நாகேந்திரன் விளக்கைச் சுட்டி, “அது என்ன?” என்றார்.

தேசப்பன் பூசை விளக்கு என்று தொடங்கினார். தணிகைவேல் அவரைக் கையமர்த்தினார். அந்நடுவத்தின் வரலாற்றில் அதுவரை எவரும் உச்சரிக்காத சொல்லை அவர் உச்சரித்தார்.

“பழுதுங்க.”

நாகேந்திரன் கைப்பேசியை எடுத்து அவ்விளக்கை மூன்று கோணங்களில் படம் பிடித்தார். பொன்னாடை தமக்கு உரியது என்பதை அறியாமல், அந்தக் குங்குமத் துணியை அப்பால் வைக்கும்படியும் கூறினார்.

அடுத்த அரைமணி நேரம் ஜெபக்குமார் விசைகளைத் தட்டினார், காத்திருந்தார், மீண்டும் தட்டினார். பிறகு திரையில் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிக்குத் தாமதமாக வந்த பிள்ளைகளைப்போல, வந்து நின்றன. அவர் எட்டாவது வட்டை உருவிவிட்டுப் புதியதைப் பொருத்தினார். அதன் விளக்கு பச்சையாகச் சிமிட்டத் தொடங்கியது. அச்சுப்பொறி ஒரு தாளைத் துப்பியது. சௌமியா அதனைச் சூடு ஆறும் முன்னே எடுத்து, முதல் வகுப்பு இருக்கிறதா என்று பார்த்து, கைப்பேசியில், “நைனா, கெடச்சிடிச்சி. பஸ்ஸுல ஏறிகினு கூப்புடறேன்,” என்று கூறிக்கொண்டே படியிறங்கினார். கையொப்பம் இடாமலேயே பேனாவைக் கொண்டுசென்றுவிட்டார். எவரும் கேட்கவில்லை.

தணிகைவேலுக்கு நெஞ்சு விநோதமாக இலேசாகியிருந்தது. பழுது ஒன்றைக் கண்டறிந்து, மாற்றி, வந்தவருக்கு வேண்டியதைக் கொடுத்தும் அனுப்பிவிட்டோம். மதிப்பீட்டாளர் அதனைக் கண்ணால் கண்டும் விட்டார். இதற்கு மேலும் ஒரு நடுவம் என்ன செய்ய வேண்டும் என்று அவர் எண்ணினார். அதனைச் சற்றுத் திருத்தமான நடையில் நாகேந்திரனிடம் கேட்கவும் செய்தார்.

நாகேந்திரன் இரக்கத்தோடு நோக்கினார். இவ்வாண்டுக் கேடயம் கனகம்மாசத்திரத்தில் புதிதாகத் தொடங்கிய நடுவத்துக்கு முடிவாகிவிட்டது என்றும், தாம் வரும் வழியில் அதனைப் பார்வையிட்டு வியந்து வந்ததாகவும் தெரிவித்தார். “அங்க ஒரு ஆரஞ்சு லைட்டுகூடக் கெடையாது. ஒரு சத்தம் கெடையாது. அவ்ளோ சுத்தம்.”

“அங்க மிஷின இன்னும் பொட்டியிலருந்தே பிரிக்கல சார்,” என்றார் ஜெபக்குமார். “கரண்ட்டு வரலன்னு எங்கள ஒருவாட்டிகூடக் கூப்புடல.”

“அதத்தான் சொல்றேன்,” என்றார் நாகேந்திரன். “வந்து ரெண்டு வருஷம் ஆகுது. ஒரு பழுது இல்ல.”

அவர் காரில் ஏறிச் சென்ற சிறிது நேரத்தில் தலைமையகத்தின் சுற்றறிக்கை கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. கனகம்மாசத்திர முறையை எல்லா நடுவங்களும் இன்றே பின்பற்ற வேண்டும். மறு ஆணை வரும்வரை இயந்திரங்களை அணைத்து, இயன்றால் பெட்டியில் இட்டுப் பாதுகாக்க வேண்டும் என்று அதில் இருந்தது. தணிகைவேல் அதனை இருமுறை படித்தார். பிறகு, புதிய வட்டு மற்றவற்றிலிருந்து தன் பங்கை எழுதிக்கொண்டிருக்கையில் நடுவில் அணைத்தால் கெட்டுவிடுமா என்று ஜெபக்குமாரைக் கேட்டார்.

“கெடாது சார். மறுபடி போட்டா, வுட்ட எடத்துலருந்து வேலையத் தொடரும்,” என்றார் ஜெபக்குமார், பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. “போடறதுக்கு ஆளு வேணும். அவ்ளோதான்.”

தலைமையகக் கோப்பின்படி, தணிகை வட்டாரக் கூட்டுறவு ஆவண நடுவத்தில் இதுகாறும் நிகழ்ந்த பழுது ஒன்றே ஒன்று: 06.10.2025 அன்று பொதட்டூர்பேட்டைப் பெண் ஒருவருக்கு அவர் கேட்ட தாள் கொடுக்கப்பட்டது. அப்பழுது மீண்டும் நிகழாவண்ணம் மேற்பார்வையாளர் தம் கையாலேயே மின்விசையை அணைத்தபோது, மணி மாலை ஐந்து நாற்பத்தொன்று.